நாலு விமானத்தைப் பிரித்தால் ஐந்தாவது பிறக்கும், தெரியுமா?

1944 ஆகஸ்ட். ஜெர்மனியில் ஒரு ஜெட் குண்டுவீச்சு விமானம் முதல் முறையாக மேலே எழுகிறது. பெயர் யுங்கர்ஸ் ஜு 287. அதன் உடற்பகுதி ஹைங்கல் ஹீ 177 என்ற வேறொரு கம்பெனி விமானத்தினுடையது. வால், யுங்கர்ஸின் இன்னொரு விமானத்திலிருந்து வந்தது. பின்பக்கச் சக்கரங்கள் ஜு 352 சரக்கு விமானத்தினுடையவை. முன்சக்கரங்கள் யாருடையவை தெரியுமா? விழுந்து நொறுங்கிய அமெரிக்க பி-24 லிபரேட்டரிலிருந்து கழற்றியவை! எதிரியின் விமானத்துச் சக்கரத்தில் ஓடித்தான் அது வானம் ஏறியது. இறக்கை மட்டுமே புதிது. அதுவும் நாம் பார்த்துப் பழகியதுபோல் பின்னோக்கிச் சாயாமல், முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை!

பெட்டியில் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடல் கிட்கள் பலவற்றைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் கிடைக்காத ஒரு மாடல் விமானத்தைச் செய்வதற்கு கிட்பேஷிங் என்று பெயர். 'கிட்டில் உள்ளபடி செய்யாமல் இதென்ன குறுக்குவழி' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜு 287-ஐப் பாருங்கள். விமானப் பொறியாளர்களே முழு அளவில் செய்த வேலை இது. மேஜை மேல் நாம் செய்வது அதன் 72-ல் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

ஏன் 72? ஆறடி மனிதனை 72-ஆல் வகுத்தால் சரியாக ஓர் அங்குலம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. எல்லாம் இதே அளவில். வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்கள் நொடியில் அடையாளம் காணப் பழகுவதற்காக! 1/72 மாடலை 35 அடி தூரத்தில் வைத்தால், நிஜ விமானம் கிட்டத்தட்ட அரை மைல் தள்ளிப் பறப்பதுபோல் தெரியும். இன்றைக்கு ஜப்பான் கிட்டின் சக்கரம் இங்கிலாந்து கிட்டின் விமானத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறதென்றால், இரண்டும் இந்த ஒரே கணக்கில் வார்க்கப்பட்டிருப்பதுதான் காரணம்.

சரி, ஜு 287-ஐ மேஜையில் செய்து பார்க்கலாமா? உடலுக்கு ஒரு ஹீ 177 கிட். முன்சக்கரத்துக்கு ஒரு பி-24 கிட். எஞ்சின்கள் நான்கும் யூமோ 004 ஜெட். மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262-இலும் இதே எஞ்சின்தான், ஆனால் அதில் இரண்டுதான் உண்டு. ஆகவே இரண்டு மீ 262 கிட்களைப் பிரிக்க வேண்டும்!

இறக்கைதான் உண்மையான சவால். பின்சாய்வு இறக்கைகளை இடம் வலம் மாற்றி ஒட்டினால் முன்சாய்வு வந்துவிடும் என்று தோன்றும். சாய்வு வரும். ஆனால் காற்றைக் கிழிக்க வேண்டிய உருண்ட விளிம்பு பின்னால் போய், கூரான விளிம்பு முன்னால் வந்து நிற்கும்! அதனால் கைதேர்ந்தவர்கள் சாய்வில்லாத ஓர் இறக்கையை எடுத்துக்கொள்கிறார்கள். அது உடலோடு சேரும் இடத்தில் மெல்லிய ரம்பத்தால் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை அறுத்தெடுக்கிறார்கள். இப்போது இறக்கையை ஒட்டினால் அது தானாகவே முன்பக்கம் திரும்பி நிற்கும். உள்ளே பித்தளைக் கம்பி கொடுத்து, இடைவெளியைப் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். விரல்நுனியில் இணைப்பு தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு. தேய்த்ததில் அழிந்துபோன தகட்டுக் கோடுகளை ஊசியால் திரும்பக் கீற வேண்டும். அதிலும் கை அழுந்தக் கூடாது! 0.2 மி.மீ. கீறல் என்பது நிஜ விமானத்தில் 14.4 மி.மீ. பள்ளம். அப்படிப்பட்ட பள்ளத்தோடு எந்த விமானமும் பறப்பதில்லை.

பாகங்களைச் சேர்க்கும் பசையின் கதையும் லேசுப்பட்டதல்ல. மாடல் பசை உண்மையில் ஒட்டுவதே இல்லை, தெரியுமா? அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்த இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடுகின்றன. ரெசின் என்ற வேறு பொருளில் வார்த்த பாகங்களிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்குத்தான் சூப்பர் குளூ. அதன் வேதிப்பொருள் 1942-இல் ஹாரி கூவரின் குழுவிடம் அகப்பட்டது. அவர்கள் தேடியது துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிவான பிளாஸ்டிக்கை. கிடைத்ததோ தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் திரவம்! வேண்டாமென்று ஒதுக்கப்பட்டு, பின்னாளில் மீண்டும் கண்டுகொள்ளப்பட்டு, 1958-இல் கடைக்கு வந்தது. தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடியபோது பிறந்த இந்தப் பசையின் ஆவிதான், விமானி அறையின் கண்ணாடி மூடியை வெள்ளையாகப் பூக்கச் செய்து கெடுக்கிறது. மூடியை ஒட்டும்போது மட்டும் இதைத் தொடாதீர்கள்!

இன்னொரு நுணுக்கம். ஜு 287-இன் இறக்கைமேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க, கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டி, வாலுக்கு முன்னால் ஒரு முக்காலியில் படக் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். அந்த முக்காலிக் கால்கள் எந்தக் கிட்டிலும் வராது. பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால், தலைமயிர் கனத்துக்கு நீள்கிறது பிளாஸ்டிக். குப்பைக்குப் போக வேண்டியது, கேமராவின் காலாகிவிட்டது!

நிஜ விமானங்களின் பக்கம் இன்னும் வியப்பு இருக்கிறது. 1941-இல் சீனாவில், தரையில் நின்ற ஒரு டிசி-3 பயணிகள் விமானத்தின் வலது இறக்கையை ஜப்பானியக் குண்டு நாசமாக்கியது. மாற்று இறக்கை கைவசமில்லை. ஹாங்காங்கில் இருந்தது அதற்கு முந்தைய மாதிரியான டிசி-2-இன் இறக்கை, 5 அடி குட்டை. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கட்டித் தூக்கிவந்து மாட்டினார்கள். ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. பறந்ததா? பறந்தது! டிசி-இரண்டரை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நம் நாட்டுக் கதை இதைவிடப் பெரிது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் ஏராளமான பி-24 லிபரேட்டர்களை விட்டுச் சென்றது. யாரும் பயன்படுத்த முடியாதபடி அடித்து நொறுக்கிவிட்டுப் போனது. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பொறியாளர்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்று எடுத்துப் பொருத்தி, ஒரே ஒரு பயணத்தைத் தாங்கும் அளவுக்குச் சரிசெய்து, ஏறக்குறைய 1,500 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் பறக்கவே வைத்துவிட்டார்கள்! அங்கே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு இந்திய விமானப்படையில் சேர்ந்தவை 1968 வரை பணியாற்றின. உலகின் அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் பி-24-களில் சில இந்தியாவிலிருந்து போனவை. பி-24 கிட் வாங்குகிற ஒவ்வொரு இந்தியரும் அதில் ஒன்றையாவது இந்திய விமானப்படையின் வட்ட முத்திரையோடு முடிக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

முன்சாய்வு இறக்கை ஜு 287-ஓடு போய்விட்டது என்று நினைத்தீர்களா? 40 ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவில் கிரம்மன் எக்ஸ்-29 பறந்தது. முன்னுடல் எஃப்-5ஏ போர் விமானத்தினுடையது, பின்பக்கச் சக்கரங்கள் எஃப்-16-இனுடையவை. இதுவும் கலப்புதான்! அது தானாக நிலைகொள்ளாத விமானம். கணினி நொடிக்கு 40 முறை வரை திருத்திக்கொண்டே இருந்ததால்தான் நேராகப் பறந்தது.

சினிமாவிலும் இந்தக் கைவேலை உண்டு. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்களின் மேல் நீங்கள் பார்த்த நுணுக்கங்களில் பெரும்பகுதி, கடையில் வாங்கிய டாங்கி, கார், விமானக் கிட்களின் பாகங்கள்.

கடைசியாக, செய்யத் துணிபவர்களுக்கு ஒரு கணக்கு. பெரிய கிளைடர்களை இழுப்பதற்காக ஜெர்மானியர்கள் இரண்டு ஹைங்கல் ஹீ 111 விமானங்களை நடு இறக்கையால் இணைத்து ஹீ 111இசட் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எஞ்சின், ஆக நான்கு. இணைப்பு இறக்கையின் நடுவிலோ ஐந்தாவதாக ஒன்று! இரண்டு கிட் வாங்கினால் போதாது. நடுத்துண்டுக்கும் அந்த ஐந்தாவது எஞ்சினுக்கும் மூன்றாவது கிட்டையும் அறுத்தாக வேண்டும். அதில் மிஞ்சும் உடலையும் வாலையும் இன்னொரு எஞ்சினையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த விமானத்துக்கு உடல் தயார்!