பல் பிடுங்குமுன் ஓர் ஊசி

கோதையும் பறளியும் சுற்றி ஓடும் திருவட்டாற்றில் பல்வலி கண்டவர் முதலில் நாடுவது இன்றும் அடுக்களை டப்பாவிலுள்ள கிராம்பைத்தான். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் விளைந்து 2021-இல் புவிசார் குறியீடும் பெற்ற அம்மொட்டிலுள்ள யூஜினால் என்னும் தைலச்சத்து ஈறைச் சற்று மரக்கச் செய்வது மெய்யே ஆயினும், எலும்பில் புதைந்த வேரைப் பிடுங்கும் காரியத்துக்கு அது போதாது. குலசேகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து வைத்தியரிடமோ போய் மரப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் சிகிச்சைக்குக் கொக்கேயினைப் பிரயோகித்த 1884-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கச் சத்திர வைத்தியர் ஹால்ஸ்டெட் அதைத் தாடை நரம்பருகே செலுத்திப் பார்த்து, அப்பரிசோதனைகளின் போக்கில் தாமே அதற்கு அடிமையானார். பின்னர் புரோகெயின் வந்தது. ஆயினும் ஸ்வீடனில் லோஃப்கிரென் 1943-இல் ஆக்கிய லிக்னோகெயினே இன்றும் நம் நாட்டுப் பல் வைத்தியர்களின் நித்திய மருந்து.

நூற்றுக்கு 2 பங்கு வலிமையுள்ள அம்மருந்தில் 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் சேர்ப்பது வழக்கம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அவ்விடத்திலேயே நிறுத்துவதால், பல்லின் மரப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிலைக்கிறது. (இருதய நோயுள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.) போட்டிக்கு வந்த ஆர்ட்டிகெயினோ, கந்தகம் சேர்ந்த தன் வளையத்தின் காரணமாகக் கொழுப்பில் எளிதில் கரைந்து எலும்பினூடே பரவுவதால், மேல்தாடைப் பல்லுக்குக் கன்னத்துப் பக்கம் மட்டும் போட்டு, கண்ணில் நீர் வரவழைக்கும் அண்ணத்து ஊசியைப் பல சமயம் தவிர்த்துவிடலாம். இந்த ஒரு சலுகையே பெரிதென்று நான் கருதுகிறேன். கீழ்க் கடைவாயில் எலும்பு கெட்டியானது. அங்கே பின்புறத்து நரம்பையே அடைக்க வேண்டியிருப்பதால், மருந்தின் பெயரைவிட ஊசி பிடித்த கையின் பழக்கமே பெரும்பாலும் பலனைத் தீர்மானிக்கிறது.

சீழ் கட்டிய பல்லில் எந்த மருந்தும் தயங்கும். வீங்கிய திசுவில் அமிலத்தன்மை மிகுவதால், நரம்பின் உறையைக் கடக்கவல்ல மின்னேற்றமற்ற மூலக்கூறுகள் குறைந்துபோகின்றன. “ஊசி பிடிக்கலை” என்று நோயாளி அலறுவது பாசாங்கு அன்று. வைத்தியர் வீக்கத்துக்கு அப்பால் நரம்பை அடைப்பதும், முதலில் சீழை வடிப்பதும் இதனால்தான். நன்றாக மரத்த பின்னும் கொறடு அசைக்கும் அழுத்தம் மட்டும் தெரியும். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் முன்னே அடங்க, அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் எளிதில் அடங்குவதில்லை.

எலும்பை வெட்டி ஞானப்பல்லை எடுக்க நேர்ந்தால் பியூபிவாகெயின் உண்டு. மெதுவாகப் பிடித்தாலும் பல மணி நேரம் நிற்பதால் அன்றைய வேதனையைத் தணிக்கும். அத்தனை நேரமும் உதடு உணர்வற்றிருப்பதால், கடித்துக்கொள்வது தெரியாத சிறு குழந்தைகளுக்கு அதைப் போடுவதில்லை; பெரியவர்களும் மரப்பு தெளியும்வரை சூடான கஞ்சியைத் தள்ளிவைப்பதே உசிதம்.