எல்லைக்கோட்டின் பொருளாதாரம் – 9: அரசின் பரிசுச்சீட்டும் கடைமடையின் கூலியும்

காவிரியின் கடைமடையில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்று. நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டாலும் கிழக்கே வங்கக் கடலாலும் சூழப்பட்ட இந்தச் சிறு நிலப்பரப்பில், எல்லையின் இருபுறத்து வரிகளும் மக்களின் செலவை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை முந்தைய பகுதிகள் விளக்கின. வரியைப் போலவே அரசின் கருவூலத்தை நிரப்பியதும், ஆனால் வரி என்னும் பெயரைச் சுமக்காததுமான பரிசுச்சீட்டு இந்த வாரம் ஆராயப்படுகிறது.

அரசே பரிசுச்சீட்டு நடத்தும் வழக்கம் பெரும்பாலும் ஒரு நற்பணியைச் சுட்டியே தொடங்கியிருக்கிறது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1836 முதல் பரிசுச்சீட்டுகளைத் தடை செய்திருந்த பிரான்ஸ், முதல் உலகப் போரில் காயமுற்றவர்களுக்கும் பயிர் இழந்த உழவர்களுக்கும் உதவும் பொருட்டு 1933-இல் தேசியப் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு, 1967-இல் இதற்கெனத் தனி அரசுத் துறையையே உருவாக்கினார். ஒரு ரூபாய் விலையும் 50,000 ரூபாய் முதற்பரிசும் கொண்ட அதன் முதல் சீட்டு, 1968 ஜனவரி 26 அன்று குலுக்கப்பட்டது. அதே 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்த மதராஸ் மாநிலமும், ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்னும் முழக்கத்தோடு தன் பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கலைஞர் கருணாநிதியின் அரசு 1975-இல் அதை நிறுத்தியது; 1980-களில் அது மீண்டும் உயிர்பெற்றது; 2003 ஜனவரியில் ஜெயலலிதாவின் அரசு எல்லா வகைப் பரிசுச்சீட்டு விற்பனையையும் தடை செய்தது.

தன் சீட்டையும் தமிழ்நாடு கைவிட நேர்ந்ததற்குச் சட்டத்தில் தெளிவான காரணம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சூதாட்டத்தை மாநிலப் பட்டியலிலும், அரசுகள் நடத்தும் பரிசுச்சீட்டை ஒன்றியப் பட்டியலிலும் வைத்திருக்கிறது. இந்த அதிகாரத்தின்கீழ் நாடாளுமன்றம் 1998-இல் இயற்றிய பரிசுச்சீட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் தடுக்கலாம் என்றது. 1999-இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசே நடத்தினாலும் பரிசுச்சீட்டு சூதாட்டமே என்று கூறியதோடு, தானும் நடத்தாத மாநிலமே பிறர் சீட்டைத் தடுக்க முடியும் என்று அப்பிரிவுக்கு வரம்பிட்டது. ஆகவே பிறர் கடையை மூட விரும்பும் அரசு, முதலில் தன் கடையை மூடியாக வேண்டும்.

தடை விதிக்கப்பட்ட அதே 2003-ஆம் ஆண்டு நவம்பரில், தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் முழுமையாக ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாசலை அடைத்த அரசு, அதே கூலித் தொழிலாளியின் சட்டைப்பையை வேறொரு வாசலில் எதிர்கொண்டது.

காரைக்காலிலும் பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை உண்டு. ஆனால் அதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் சீட்டு நாள்தோறும் சட்டப்படி விற்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பெரும் எண்ணிக்கையில் அங்கே விற்பனையால் பிழைக்கிறார்கள், கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்ட காருண்யா சீட்டின் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குச் சென்றது. இவை மறுக்க முடியாத நன்மைகள். ஆயினும் கணக்கு இரக்கமற்றது: ஒரு லட்சத்தில் தொடங்கும் ஆறு இலக்க எண்கள் 9 லட்சம், அவை 12 வரிசைகளில் அச்சிடப்பட்டால் சீட்டுகள் 1,08,00,000, முதற்பரிசு அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே. இதற்கு மேல் சரக்கு-சேவை வரி 2020 மார்ச்சில் 28 விழுக்காடாகவும், 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாகவும் உயர்ந்தது.

தடையுள்ள ஊர்களில் இந்தக் குலுக்கலின் நிழல்தான் நடமாடுகிறது. கேரள முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துத் தனியார் நடத்தும் சட்டவிரோதப் பந்தயமே ‘மூணு நம்பர் லாட்டரி’. காரைக்காலில் இதன் தொடர்பான கைதுகள் அவ்வப்போது செய்தியாகின்றன. இதில் அச்சிட்ட சீட்டும் இல்லை, அரசின் பொறுப்பும் இல்லை, தோற்றவர் பணத்தில் மருத்துவமனைக்குச் செல்லும் பங்கும் இல்லை. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்பதால் வெற்றி கைக்கு எட்டுவதுபோல் தோன்றுகிறது. அந்தத் தோற்றமே மனிதரை மறுநாளும் அதே இடத்துக்கு இழுத்து வருகிறது.

இந்த இழுப்புக்குக் காரணம் பேராசை என்று சொல்லிவிடுவது அநீதி. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரும் கடைமடைக்கு உரிய காலத்தில் வந்தால்தான் நடவு வேலை உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. கூலி சிறுசிறு தொகையாகக் கிடைக்க, மகள் திருமணம், அறுவைச் சிகிச்சை, கல்லூரிக் கட்டணம் ஆகியவை மொத்தத் தொகையாக வந்து நிற்கின்றன. அந்த மொத்தத் தொகையைத் தரக்கூடியவை வட்டிக்கடன், ஏலச்சீட்டு, நகை அடகு ஆகியவையே. இவற்றுள் எதற்கும் வழியில்லாதவருக்கு எஞ்சுவது குலுக்கல்.

எனவே பரிசுச்சீட்டை நடத்துவதா தடுப்பதா என்னும் கேள்வியோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. நடத்தும் அரசு, ஏழையிடம் திரட்டியதை ஏழைக்கே திருப்பித் தந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். தடுக்கும் அரசு, கூட்டுறவுச் சங்கத்திலும் மகளிர் சுய உதவிக் குழுவிலும் நியாயமான வட்டியில், தேவைப்படும் நாளில் அந்த மொத்தத் தொகை கிடைக்க வழி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விதிக்கப்படும் தடை, விற்பவரின் முகவரியை மட்டுமே மாற்றும். வாங்குபவரின் நெருக்கடியை மாற்றாது. காரைக்காலின் கடைமடை வயல்களில் கூட்டுறவுக் கடன் எவரை எட்டுகிறது, எவரைத் தவறவிடுகிறது என்பது அடுத்த பகுதியின் பொருளாகும்.

(தொடரும்)