குச்சிப் பாலத்துக்கும் சட்டம் உண்டு!

விருத்தாசலம் என்றதும் உங்களுக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். அல்லது கார்த்திகைக்கு வாங்கிய பீங்கான் அகலும், கொலுவுக்கு வாங்கிய பொம்மையும் வரும். அந்த ஊர்ப் பீங்கானை வைத்துக்கொண்டு நான் பாலம் கட்டும் விஷயத்தைப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்!

பள்ளிக்கூடத்தில் மாதிரிப் பாலப் போட்டி என்று உங்கள் பையனோ பெண்ணோ ஒரு தாளை நீட்டினால், உடனே பசையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் இருவருமாக உட்கார்ந்து அந்தத் தாளைப் படியுங்கள். பாதிப் போட்டி அதில்தான் இருக்கிறது.

சிகாகோவில் தோன்றிய சர்வதேசப் பாலப் போட்டியையே பாருங்கள். தாங்கிய பாரத்தைப் பாலத்தின் எடையால் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண். ஆனால் 50 கிலோவுக்கு மேல் தாங்கினாலும் 50 கிலோ என்றே கணக்கு! உங்கள் பையனின் பாலம் 25 கிராம்; 60 கிலோ தாங்குகிறது. மதிப்பெண் 2,000. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாலம் 20 கிராம். 45 கிலோவிலேயே முறிகிறது. மதிப்பெண் 2,250. பரிசு அவளுக்கு! அழுது என்ன பயன்?

இன்னொன்று: பாரம் ஏறும் இடம் 25 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டால், முறியாவிட்டாலும் தோல்விதான். "உடையவே இல்லையே, ஐயா!" என்று நாம் வாதாடினால் நடுவர் தாளைத்தான் காட்டுவார்.

'பசை இணைப்புகளில் மட்டும்' என்று ஒரு விதி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் முழு நீளமும் இணைப்புத்தானே என்று பையன் கேட்பான். கெட்டிக்காரன்தான்! ஆனால் அதை அவனும் தீர்மானிக்க வேண்டாம், நீங்களும் தீர்மானிக்க வேண்டாம். ஒட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவிக்கும்படியும் கேட்கட்டும். அதுதான் நியாயம்.

இனிப் பீங்கான். தட்டுகளை அடுக்கினால் அடித் தட்டு அத்தனையையும் சுமக்கிறது. அதே தட்டை இரண்டு ஓரங்களில் தாங்கி நடுவில் அழுத்துங்கள் (வேண்டாம், நினைத்துப் பார்த்தால் போதும்!), அடிப்பக்கம் இழுபட்டு, 'படக்'! பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மரக்குச்சியோ இழுப்பை நன்றாகத் தாங்கும். நீளமாக இருந்து இரு முனையிலும் அமுக்கினால் வில்லாக வளைந்துவிடும். நீளத்தைப் பாதியாக்கினால் அந்த வளைவை நான்கு மடங்கு எதிர்க்கும். பாலங்களில் குட்டிக் குட்டி முக்கோணங்கள் ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

இந்தத் தாளில் எழுதாத விதி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, விருத்தாசலத்தைத் தாண்டித் தெற்கே போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தருகே மண்ணை அரித்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். போட்டி மேஜையில் பாரம் மட்டும்தான் வரும், ஆறு கிடையாது. இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

போட்டி முடிந்து முறிந்த பாலம் வீட்டுக்கு வந்தால் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடாதீர்கள். குச்சி முறிந்ததா, பசை விட்டதா என்று அவன் பார்க்கட்டும். அடுத்த பாலத்தை அதிலிருந்துதான் அவன் ஆரம்பிக்க வேண்டும்.