பட்டை கழலும் பருவம்

நார்வே, சுவீடன் கிராமங்களில் ஊதல் செய்வதற்கென்றே ஒரு பருவம் உண்டு. பனி உருகி வில்லோ மரங்கள் துளிர்விடும் சில வாரங்கள்தான் அது. அதே மரத்தையும் அதே கத்தியையும் டிசம்பரில் எடுத்தால் கை வலிக்கும், ஊதல் வராது.

கிரிக்கெட் மட்டைக்கு மரம் தரும் வில்லோவின் பங்காளிகள் இந்த மரங்கள். பெருவிரல் பருமனில், கணு இல்லாத கிளையாகப் பார்த்து ஒரு சாண் நறுக்குகிறார்கள். ஊதும் முனையை அடிப்பக்கமாகச் சாய்த்துச் சீவுகிறார்கள். அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேற்பக்கம் ஒரு சின்ன வெட்டு. கிளையின் நடுவில் பட்டையை மட்டும் சுற்றிக் கீறி, தண்ணீரில் நனைத்து, கத்திப் பிடியால் பொறுமையாகத் தட்டிக்கொண்டே வருகிறார்கள். பிறகு இறுக்கிப் பிடித்து ஒரு முறுக்கு. பட்டை கிழியாமல் குழாயாகக் கழன்று வரும். உள்ளே கட்டை வெளுப்பாக, வழுவழுவென்று ஈரமாக இருக்கும்.

இந்த வேலையில் பாதியை மரமே செய்து வைத்திருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு இருக்கிறது. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது இதுதான். வசந்தத்தில் இதன் செல்கள் மளமளவென்று பிரிகின்றன. புதுச் செல்களில் நீர் அதிகம், சுவரோ மெல்லிசு. அதனால் ஒரு முறுக்குக்கே அறுந்துவிடும். குளிரில் வளர்ச்சி நின்றதும் பட்டை இறுகிவிடும். ரோஜாவில் மொட்டு ஒட்டுக் கட்டுகிறவர்கள் பட்டை லேசாக உரியும் சமயம் பார்ப்பதும் இதனால்தான்.

இனி, கட்டையை வெட்டு இருந்த இடத்தில் துண்டாக்க வேண்டும். முன்துண்டின் மேற்பரப்பைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்கி மறுபடி செருகினால் பட்டைக்கும் அதற்கும் இடையே மூச்சு போக ஒரு சந்து கிடைக்கும். மீதிக் கட்டையை மறுமுனையில் அடைப்பாகச் செருகினால் ஊதல் தயார்.

நம்மூர்ப் பூவரச இலைப் பீப்பியில் இலையின் விளிம்பே அதிர்ந்து ஒலிக்கும். நாதஸ்வரச் சீவாளி போல. இங்கே அதிர்வது காற்று மட்டும். சந்து வழியாக வரும் மூச்சு வெட்டின் கூர் விளிம்பில் மோதி, ஒரு கணம் உள்ளே, மறு கணம் வெளியே என்று தாவுகிறது. குழாய்க்குள் அடைபட்ட காற்று அந்தத் தாவலைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ஒருமுனை மூடிய குழாயில் ஒலியின் அலைநீளம் குழாயைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. காற்றறை 6 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 1,400 அதிர்வுகள். இன்னும் நீளமான ஊதலில் அறை 12 சென்டிமீட்டர் என்றால் 700; கீச்சுக் குரல் அடங்கிப்போகும்.

நார்வேயில் இதற்கு நீளமான அக்கா ஒன்று உண்டு: செல்யெஃப்ளோய்ட்டெ. அதில் விரல்துளையே கிடையாது. கடைமுனையை விரலால் மூடியும் திறந்தும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும், குழலில் இயல்பாக எழும் மேற்சுரங்களிலேயே மெட்டு வாசிக்கிறார்கள். இப்போது பிளாஸ்டிக் குழாயிலும் செய்வதால் வருஷம் முழுக்க வாசிக்கலாம்.

பட்டை ஊதலுக்கு அந்த ஆயுசு இல்லை. சில நாட்களில் ஈரம் வற்றி, பட்டை சுருங்கி வெடித்துவிடும். தண்ணீரில் போட்டு வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஊதலாம். பிறகு, அடுத்த துளிர்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.