விட்டு விட்டு வரும் கோளாறு: ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கிளட்சும் கியர்பாக்ஸும்

பழைய காரின் கிளட்சிலோ கியர்பாக்ஸிலோ எப்போதும் இருக்கிற கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. எப்போதாவது தலைகாட்டும் கோளாறுதான் ஆளைச் சோதிக்கும். காலையில் கேளம்பாக்கம் சிக்னலில் முதல் கியர் விழாமல் அடம்பிடித்த வண்டி, மாலையில் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கிளட்சும் கியர்பாக்ஸும் அடுத்தடுத்து ஒட்டி இருப்பவை என்பதால், ஒன்றின் குறை மற்றதன் குறையாகத் தெரியும். இதனால் நல்ல கியர்பாக்ஸ்கள் வீணாகப் பிரிக்கப்பட்டு, மறுபடி மாட்டும்போது புதிய குறையோடு வெளியே வருகின்றன.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தில் பொழுதுபோக்குக்காகப் பழைய கார் வைத்திருப்போருக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மண்ணின் மைந்தன். வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில்தான் அது உருவானது. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்த டிரயம்ஃப் ஹெரால்ட் 1959-ல் பிரிட்டனில் வெளிவந்தது. அதன் இந்தியப் பதிப்பு 948 சிசி இன்ஜினோடு 1961-ல் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் இடத்தை அதே நிறுவனத்தின் கெஸல் கார் பிடித்தது. ஹெரால்டில் நான்கு முன் கியர்கள். முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் ஹைட்ராலிக் வகை: பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அங்குள்ள தண்டை நகர்த்தி, ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின்மீது அழுத்துகிறது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது ஒன்றே: கியர் விழவில்லை.

எனவே ஸ்பேனரைத் தொடுமுன் கோளாறு எப்போது வருகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, கூடுவாஞ்சேரி நெரிசலில் அரை மணி ஊர்ந்த பிறகா? மழை நாளிலா? பல வாரம் ஷெட்டில் நின்ற பிறகா? எந்த கியரில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா? ஒரு சிறிய நோட்டில் இவற்றைக் குறித்துக்கொண்டு வருபவருக்கு மெக்கானிக் பாதி வேலையை அப்போதே முடித்துத் தந்துவிடுவார்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். நின்றிருக்கும் வண்டியில் பற்கள் ஒன்றுக்கொன்று நேராக நின்று தடுக்கலாம். வண்டியைச் சற்றுத் தள்ளிவிட்டு மறுபடி போட்டால் போதும். அப்படியும் இறுகினால் குறை கியர் லீவரிலோ அதன் இணைப்பிலோ கியர்பாக்ஸின் உள்ளேயோ இருக்கிறது. நின்ற இன்ஜினில் சுலபமாக விழுந்து, ஓடும் இன்ஜினில் மட்டும் விழ மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். இதை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். ஐட்லிங்கில் கிளட்சை முழுக்க மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸைப் போட வேண்டும். ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ இல்லாததால், கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் பற்கள் கரகரவென்று உரசும்.

கிளட்ச் விடவில்லை என்று தெரிந்ததும் பலர் கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்கிறார்கள். இது பெரும்பாலும் அவசர முடிவு. விட்டு விட்டு வரும் குறைகளில் பெரும்பகுதி கியர்பாக்ஸுக்கு வெளியே, ஹைட்ராலிக் பாதையில் இருக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுகிறதா? அப்படியானால் பாதையில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதல் கியரில் கிளட்சை மிதித்தபடியே அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். வலது கால் பிரேக்குக்குத் தயாராக இருக்கட்டும். வண்டி மெல்ல முன்னால் ஊர முயன்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரைத் தாண்டித் திரவம் பின்வாங்குகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது, திரவ டப்பாவில் அளவும் குறையாது. ஆகவே “லீக் இல்லை” என்ற பதிலை மட்டும் நம்பி இந்த உறுப்பை விட்டுவிடக் கூடாது.

சூடானால் மட்டும் வரும் குறைக்குக் கடற்கரைக் காற்று ஒரு காரணம். பிரேக், கிளட்ச் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 தரத்தில் புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். புகைபோக்கிக்கு அருகே கிளட்ச் குழாய் போகும் வண்டியில், நெரிசலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகிப் பெடல் மென்மையாகிவிடும். ஆறியதும் குறை மறைந்துபோகும். கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது அவசியம். அதே ஈரம் சிலிண்டர் சுவரைத் துரு அரிக்கச் செய்யும். குழி விழுந்த சுவரில் புது ரப்பரும் சில மாதம்தான் நிற்கும். வளையும் ரப்பர் குழாய் உள்ளே வீங்கினால் திரவம் போகும், திரும்பாது. அப்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் ஸ்லிப் ஆகும். டப்பா மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் பெடல் நாளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஊசி நுனியால் தீர்கிற காரியம் அது.

ஹைட்ராலிக்கை மாற்றுவதற்கு முன் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் தண்டுக்கும் நடுவிலுள்ள முள்ளைப் பார்க்க வேண்டும். அது நுழையும் துளை அறுபதாண்டுத் தேய்மானத்தில் நீள்வட்டமாகியிருக்கும்; பெடலின் முதல் பகுதி வீணாகக் கழியும். அண்மையில் புதுப்பித்த கார்களில் இன்னொரு எளிய காரணம் உண்டு: அழகுக்காகப் போட்ட தடிமனான கார்ப்பெட் பெடலை அடிவரை போக விடாது. சிறந்த அளவுகோல், கார் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் ஸ்லேவ் சிலிண்டர் தண்டு நகரும் தூரத்தை அளந்து வைப்பது. குறை வரும் நாளில் அளந்தால், தூரம் குறைந்திருந்தால் குறை பெடல் பக்கத்திலோ ஹைட்ராலிக்கிலோ இருக்கிறது; குறையாமலிருந்தால் கிளட்ச் கூட்டுக்குள்ளோ, பின்னால் சொல்லப்படும் கிராங்க் ஆட்டத்திலோ.

மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைத்த வண்டி தனிக் கதை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரக்காற்றில் நின்றால் கிளட்ச் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் சரியாகப் போகும், கியர் மட்டும் விழாது. மாதம் இருமுறையாவது இன்ஜினை ஓட்டிப் பெடலை மிதித்து விடுவது இதைத் தவிர்க்கும்.

ஸ்லிப்பைக் கண்டறிவதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையானது. ஏற்றமில்லாத இடத்தில் தேய்ந்த பிளேட்டும் பல மாதம் சமாளிக்கும். வண்டலூர் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் ஸ்லிப்.

சத்தத்தைக் கொண்டும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நியூட்ரலில் ஐட்லிங்கில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்நுழைவுத் தண்டின் பேரிங்கோ அடித் தண்டின் உருளைகளோ தேய்ந்திருக்கும். மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். நான்காம் கியரில் இன்ஜின் சக்தி நேராகப் போகிறது, அடித் தண்டுக்குச் சுமையில்லை. எனவே முதல் மூன்று கியர்களில் இரைந்து நான்காவதில் அடங்கும் சத்தம் அடித் தண்டைக் காட்டுகிறது. சக்தியை எடுக்கும்போது மட்டும் வரும் “டக்” ஒலி பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து வருவதல்ல. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே அசைவதால், நீள்தண்டிலும் அரைத்தண்டுகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட்கள் தேய்ந்து அந்த ஒலியைத் தரும்.

கியர் எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும் குறைக்கும் முதலில் வெளியே தேட வேண்டும்: கியர் லீவரின் கீழுள்ள புஷ்கள், லீவரைச் சுற்றிய ரப்பர் உறை தடித்து லீவர் முழுதாகப் போகாமல் தடுப்பது, கியர்பாக்ஸ் மவுண்டிங் கிழிந்திருப்பது. இவை மூன்றும் சரியாக இருந்தும் ஒரே கியர் மட்டும் எகிறினால் செலக்டர் ஸ்பிரிங்கோ கியர் ஹப்போ தேய்ந்திருக்கிறது. கியர் மாற்றும்போது இரண்டாம் கியர் கரகரத்து, டபுள் டிகிளட்ச் செய்தால் அமைதியாக விழுந்தால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். அந்த ரிங் வெண்கலம். ஜிஎல்-5 எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதை அரிக்கக்கூடும் என்பதால் ஜிஎல்-4 தர 90 எண்ணெயே இந்தக் கியர்பாக்ஸுக்குப் பாதுகாப்பானது.

இனி மிக முக்கியமான சோதனை. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கை ஒட்டியுள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்தால் பெடலின் வேலையில் ஒரு பங்கு கிராங்கை நகர்த்தவே செலவாகும். கிளட்ச் சில நேரம் விடும், சில நேரம் விடாது. கவனிக்காமல் விட்டால் வாஷர் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும், பிறகு கிராங்க் இன்ஜின் பிளாக்கையே தின்னத் தொடங்கும். டிரயம்ஃப் குடும்பத்துச் சிறிய இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு முழுதாக முன்னால் சாய்வதால் பார்ப்பது சுலபம்: இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்பக்கப் புல்லியைக் கவனிக்க வேண்டும். இருக்க வேண்டிய ஆட்டம் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெளிவாகப் புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தால் அந்த அளவு கடந்துவிட்டது. வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. எண்ணெய்த் தொட்டியையும் பின்பக்கப் பேரிங் மூடியையும் கழற்றினால், இன்ஜினை இறக்காமலே வாஷர்களை மாற்றலாம்.

இவை எல்லாம் முடிந்த பிறகே கியர்பாக்ஸை எடுப்பது நியாயம். ஹெரால்டில் இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் நீக்கி, காரின் உள்ளிருந்தே அதை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கிளட்ச் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், அதன் ஃபோர்க்கின் முள், கிராங்க் முனையிலுள்ள புஷ் ஆகியவற்றையும் பார்த்தே மூட வேண்டும். அந்த முள் தேய்ந்திருந்தால் பழைய குறை அப்படியே திரும்பும். சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் பழைய பாகங்கள் தேடுவோர், பல்லாண்டு டப்பாவில் கிடந்த ரப்பர் செட்டை மட்டும் மலிவென்று வாங்க வேண்டாம்.