கூடாரத்தில் தங்கச் செல்கிறீர்களா?

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைப் பகுதிகளுக்குச் செல்வோர் நம்மவரிடையே பெருகி வருகின்றனர். விடுதி அறையைவிடக் கூடாரத்தில் தங்குவதையே பிள்ளைகள் விரும்புகின்றனர். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் வாகமணில் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கெல்லாம் மின்சாரமும் நம்முடன் வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸா மாணவர்களை மலையடிவார முகாமொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். சுபுஹு வேளை. ஒளூச் செய்துவிட்டு ஈரக் கால்களோடு புல்தரையில் நடந்துவந்த சிறுவன் ஒருவன், கூடாரத்தின் இரும்புக் கம்பத்தைத் தொட்டான்; அலறியபடி கையை உதறினான். விளக்குக் கம்பியின் ஒட்டுப்போட்ட பகுதி இரவுப் பனியில் நனைந்து கம்பத்தோடு உரசிக் கிடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. முதல்நாள் மாலையிலேயே அந்த ஒட்டை நான் கண்டிருந்தேன், கண்டும் பேசாதிருந்தேன்.

வீட்டில் உலர்ந்த தரையில் நிற்கிறோம். கூடாரத்திலோ ஈரமண்ணே தரை. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் அவ்வாறு தடுக்காது. நாள்தோறும் ஒளூச் செய்யும் நமக்கு இது பிறரைவிடக் கூடுதலாகவே பொருந்தும். கைகால்களைத் துடைத்துச் செருப்பணிந்த பின்னரே சுவிட்சை நெருங்குங்கள்.

"ஆபத்தென்றால் எம்.சி.பி. விழுந்துவிடுமே" என்பர் சிலர். 16 ஆம்பியர் எம்.சி.பி. கம்பியைக் காக்க வந்தது. மனிதனைக் காக்க அன்று. இதயத்தைத் தடுமாறச் செய்ய ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். நம்மைக் காக்கவல்லது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் வகையே வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்கவேண்டும். மூட்டை முடிச்சுகளை இறக்குமுன் அதை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். முகாம்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேரவனின் உடல் உலோகம். எர்த் இணைப்பு அறுந்து மின்சாரம் அதில் பாய்ந்தாலும் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஈரப்புல்லில் நின்று கதவுப்பிடியைத் தொடுபவரே தாக்கப்படுவார். எனவே எர்த் முனை இல்லாத இணைப்பான்களை ஏற்காதீர்கள். கம்பியை முதலில் வண்டியிலும், பிறகு மின்பெட்டியிலும் செருகுங்கள். கழற்றும்போது மின்பெட்டியிலிருந்து தொடங்குங்கள். சுருட்டிய கம்பியை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருளாகவே வைத்து 2,000 வாட் கெட்டிலை ஓட்டினால் வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறையே உருகும்.

உறங்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்; துணிக்கூடாரம் தீப்பற்ற எவ்வளவு நேரமாகும்?

எவரேனும் மின்தாக்குதலுக்கு ஆளானால், பதறி அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்பதைப் பகல் வெளிச்சத்திலேயே வீட்டார் அனைவருக்கும் காட்டிவைத்தால்தான் இருட்டில் அது கைக்கு எட்டும்.