ஹூக்ளிக் கரையிலே – 9: கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம்

கொல்கத்தாவின் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் போகிறவர்கள் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள விக்டோரியா நினைவகத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆலயத்தைக் கட்டிய பேராயர் டேனியல் வில்சன் 1858 ஜனவரியில் இறந்து, அங்கேயே அடக்கமானார். 1833இல் அவர் எழுதிய ஒரு கடிதம் வேப்பேரியையும் தஞ்சாவூரையும் உலுக்கியது. அந்தக் கதைக்கு முன், போன வாரம் விட்ட இடமான செராம்பூருக்கு ஒரு நடை போய்வரலாம்.

1800 டிசம்பர் 28. மிஷனரி வில்லியம் கேரி ஹூக்ளி ஆற்றில் தன் மகன் ஃபீலிக்ஸுக்கும் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்பே கிருஷ்ண பால் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். சாதி போயிற்று என்று ஊர் கொதித்தது, கூட்டம் அவரை நீதிபதியிடம் இழுத்துப்போனது. 1803இல் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண இளைஞர் சபையில் சேர்ந்தார். திருவிருந்தில் அப்பமும் பாத்திரமும் முதலில் தச்சரிடம் போய், பிறகுதான் அவரிடம் வந்தன. அவர் மணந்ததும் அந்தத் தச்சரின் மகளைத்தான். அதே ஆண்டு கோகுல் என்பவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்த நால்வர்: கேரியின் சக மிஷனரி மார்ஷ்மன், ஃபீலிக்ஸ் கேரி, பிராமணராயிருந்த பைரவ், முஸ்லிமாயிருந்த பீரு. தெருவே வாய்பிளந்து நின்றது.

செராம்பூர் அப்போது டென்மார்க்கின் கொடிக்குக் கீழே இருந்தது. நம் தரங்கம்பாடியும் அப்படித்தான். இரண்டையும் 1845இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். ஆனால் 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷன் வேறு வழியில் போனது. கோயிலில் சாதிவாரியாக இடம் பிரித்தார்கள். 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், வெள்ளாளர். ராஜநாயக்கன் என்ற உபதேசியார் உழைப்பில் யாருக்கும் குறைந்தவரல்ல. ஆனாலும் பறையர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. செராம்பூரில் கேரிக்கு முன்னால் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், புதுச் சபை; அங்கே கறாராக இருப்பது சுலபம் என்று வாதிடலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் தரங்கம்பாடியும் ஒருநாள் புதுச் சபையாகத்தானே இருந்தது?

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் சாதி விஷயத்தில் மென்மையாகவே நடந்தார். பேராயர் ஹீபரும் அப்படியே. அவர் 1826இல் திருச்சிராப்பள்ளியில் குளிக்கப்போன இடத்தில் இறந்தார். வில்சன் வேறு ஆள். 1832இல் கல்கத்தாவில் வந்திறங்கினார். மறு ஆண்டு ஜூலையில் கடிதம். யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற வேறுபாடு கிறிஸ்துவுக்குள் இல்லையென்று பவுல் எழுதியிருக்க, கோயிலில் தனி இடமும் திருவிருந்தில் தனி வரிசையும் எப்படி இருக்கலாம்? சாதியை உடனே, முற்றாக, திரும்ப எடுக்காதபடி விட்டுவிட வேண்டும் என்றார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் குடும்பங்கள் கோயிலை விட்டு வெளியேறின. 1835இல் வில்சனே நேரில் வந்து பிரசங்கித்தார். சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை, 1840களில் சாதி விஷயத்தில் நெகிழ்ந்துகொடுத்த லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் போனவர்களும் உண்டு.

எதிர்த்தரப்பில் இருந்தவர் சாதாரண ஆளல்ல. சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் சபைப் புலவர், வேதநாயகம் சாஸ்திரியார். கடிதத்துக்கு நாலு வருஷம் முன்பே, 1829இல், இளைய மிஷனரிகளின் மேல் அவர் குற்றப்பட்டியல் எழுதிவிட்டார். புது வேதாகம மொழிபெயர்ப்பைத் திணிக்கிறார்கள், சாதிகளை ஒன்றாய்க் கலக்கிறார்கள், பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள். ஐரோப்பியரிடமும் மேல், கீழ் இல்லையா என்றும் அவர் தரப்பு கேட்டது.

எனக்கு இந்தப் பட்டியல்தான் விவகாரத்தின் முடிச்சாகப் படுகிறது. கல்யாணத்தில் பூ வைத்தால் எந்த வசனம் உடையும்? கீர்த்தனை பாடினால் யார் சிறுமைப்படுவார்? வேதத்துக்கு விரோதமானது எது, வெள்ளைக்காரர் கண்ணுக்குப் பழக்கமில்லாதது எது என்று அந்த மிஷனரிகள் பிரித்துப் பார்க்கவில்லை. பூவையும் பாட்டையும் சாதியோடு ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறியப் பார்த்தார்கள். அதனால் சாதிக்குப் பூவின் மறைவு கிடைத்தது. வில்சனின் கடிதம் சரியான கடிதம். ஆனால் அது வந்து சேர்வதற்குள், கேட்கவேண்டிய காதுகளில் பாதி கோபத்தில் அடைத்துப்போயிருந்தன. சாஸ்திரியாரை இதற்காக விட்டுவிடவும் முடியாது: இரண்டு விஷயத்தில் அவர் கேட்டது நியாயம், அந்த நியாயத்தைக் கொண்டுபோய் அவர் காவல் நிறுத்தியது அநியாயத்தின் வாசலில்.

சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்று தமிழ்ச் சபைகள் ஞாயிறுதோறும் பாடுகின்றன. பூ இல்லாத கிறிஸ்தவக் கல்யாணம் ஏது? கடிதம் கேட்ட காரியம்தான் பாக்கி. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளேயே தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டதை வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

ஐரோப்பியரைப் பற்றி சாஸ்திரியார் தரப்பு கேட்ட கேள்வி வில்சன் இருந்த கல்கத்தாவுக்கும் பொருந்தும். அவரிடம் குருப்பட்டம் பெற்ற கிருஷ்ண மோகன் பானர்ஜி 1839 முதல் பணியாற்றியது கார்ன்வாலிஸ் சதுக்கத்தின் கிறைஸ்ட் சர்ச்சில், பெங்காலிச் சபைக்கு. அதே ஆண்டு மைதானத்தில் பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. கிருஷ்ண மோகன் கல்கத்தாவில் எப்படி நடத்தப்பட்டார், அவர் என்ன பதில் சொன்னார் என்பது அடுத்த வாரம்.